எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் எந்த வாசல்?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், பிள்ளைகளின் பெயருக்கு அர்ச்சனை செய்ய வரும் பெற்றோரை நம் ஆலயங்களில் நிறையவே காணலாம். தீபாராதனை முடிந்து, விபூதி பிரசாதம் பெற்று வெளியே வந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. “அடுத்து எதிலே சேர்க்கப் போறீங்க?” இதற்கு விடை சொல்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவோ, வேலையிட நண்பராகவோ, பேரங்காடியில் மேசை போட்டு விளம்பரத் தாள் கொடுக்கும் தனியார் கல்லூரி ஊழியராகவோ இருப்பார். பதினேழு வயதுப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் படிக்கப் போகிறது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடும் முடிவு, பல வீடுகளில் இரண்டே வாரத்தில், அரைகுறைச் செய்திகளை நம்பி எடுக்கப்படுகிறது.

சில நாடுகளில் பல்கலைக்கழக நுழைவுக்கெனத் தனித் தேர்வு உண்டு. இந்தியாவில் மருத்துவத்துக்கு நீட், அமெரிக்காவில் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. நம் மலேசியாவில் அப்படிப்பட்ட பொது நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. எஸ்.பி.எம்.முக்குப் பின் ஒரு மாணவர் எந்தப் புகுமுகப் படிப்பில் அமர்கிறாரோ, அதன் தேர்வே அவருக்கு நுழைவுத் தேர்வாகிவிடுகிறது. ஆகவே, படிப்பைத் தேர்ந்தெடுக்கும் அன்றே தேர்வையும் தேர்ந்தெடுக்கிறோம். எந்தத் தேர்வு எந்த வாசலைத் திறக்கும், எந்த வாசலை மூடும் என்று சேர்வதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் பொறுப்பு. கல்வி நிதிக்கு வாரி வழங்கும் அன்பர்களும் இதை அறிந்திருந்தால், தாங்கள் கொடுக்கும் பணம் எந்த இடத்தில் அதிகப் பயன் தரும் என்று கணிக்க முடியும்.

மெட்ரிகுலேஷன்: கிடைத்தால் விடக்கூடாது

கல்வியமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பெரும்பாலான மாணவர்கள் பயில்வது ஓராண்டுத் திட்டம். அதில் இரண்டு பருவங்கள். ஈராண்டுத் திட்டமும் உண்டு. அதில் நான்கு பருவங்கள். பேராக்கில் கோப்பெங், சிலாங்கூரில் பந்திங், நெகிரி செம்பிலானில் கோலப்பிலா, ஜொகூரில் தங்காக் என்று பல மாநிலங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. தங்குமிடம் உண்டு, படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. அறிவியல், கணக்கியல், பொறியியல், கணினி அறிவியல் ஆகிய பிரிவுகள் உண்டு. கலைப் பிரிவு இல்லை. தமிழ், வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியவற்றில் மேலே செல்ல நினைக்கும் பிள்ளைக்கு இந்த வாசல் முதலிலிருந்தே பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தொடக்கத்தில் இத்திட்டம் பூமிபுத்ரா மாணவர்களுக்கென்றே இருந்தது. 2003-ஆம் ஆண்டு முதல் பத்து விழுக்காட்டு இடம் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்றும், பின்னர் 2,200 என்றும் அறிவிப்புகள் வந்தன. அவற்றில் எத்தனை இடங்கள் உண்மையில் நிரம்பின என்ற வாக்குவாதம் நம் நாளேடுகளில் ஆண்டுதோறும் நடந்தது. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் தொண்ணூறுக்குப் பத்து என்ற விகிதம் அப்படியே இருந்தது. 2024-ஆம் ஆண்டில்தான், எஸ்.பி.எம்.மில் 10 ஏ பெறும் மாணவர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷன் இடம் பெறுவார் என்று பிரதமர் அறிவித்தார். அந்த ஆண்டு ‘ஏ மைனஸ்’ அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பக் காலத்தில் அமைச்சு வெளியிடும் விதிமுறைகளைப் பெற்றோர் நேரடியாகப் படித்துப் பார்க்க வேண்டும். போன ஆண்டு நடந்ததை இந்த ஆண்டுக்கும் பொருத்திப் பேசுவது ஆபத்து.

இதில் நம் சமூகத்துக்கு ஒரு நுட்பமான செய்தி அடங்கியிருக்கிறது. பத்து ‘ஏ’ வேண்டுமென்றால் பத்துப் பாடங்களாவது எழுதியிருக்க வேண்டும். அறிவியல் பிரிவு மாணவருக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று ஒன்பது பாடங்கள் வருகின்றன. பத்தாவது பாடம் பெரும்பாலும் தமிழ்மொழியோ தமிழ் இலக்கியமோதான். “தமிழ் எடுத்தால் ‘ஏ’ குறையும்” என்று நான்காம் படிவத்திலேயே பிள்ளையைத் தடுத்துவிட்ட வீட்டில், ஒன்பதுக்கு ஒன்பது பெற்ற பிள்ளை அந்த அறிவிப்பின் கீழ் வராமல் நின்றுவிடும். தமிழ்ப்பாடத்துக்காக வாதாடுவோர் உணர்ச்சியோடு பேசுவது வழக்கம். இந்த எண்ணிக்கைக் கணக்கை எடுத்துச் சொன்னால் இன்னும் சில பெற்றோர் செவிமடுப்பார்கள் என்று தோன்றுகிறது.

மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்த பிள்ளையை “வெகு தூரம், வீட்டைவிட்டு இருந்ததில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் சார்ந்த துறையை நாடும் பிள்ளைக்கு இதைவிடக் குறுகிய, செலவு குறைந்த பாதை இல்லை. ஆனால் ஒன்று: ஓராண்டில் அனைத்தும் முடிந்துவிடுவதால் முதற்பருவத்தில் சறுக்கினால் ஈடுசெய்ய அவகாசம் குறைவு. விடுதியில் சேர்ந்த முதல் மாதமே படிப்பில் இறங்கிவிட வேண்டும். மேலும் இச்சான்றிதழின் மதிப்பு உள்நாட்டில்தான் அதிகம். வெளிநாடு செல்லும் எண்ணமிருந்தால் அதைச் சேருமுன்னரே யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படிவம்: பழைய அச்சம், புதிய தேர்வு

மெட்ரிகுலேஷன் கிடைக்காத பிள்ளைக்கு ஆறாம் படிவ அழைப்பு வரும்போது பல வீடுகளில் துக்கம் விசாரிப்பது போன்ற பேச்சு எழும். “எஸ்.டி.பி.எம். உலகத்திலேயே கஷ்டமான சோதனையாமே” என்பார்கள். இப்படிச் சொல்பவர்களின் மனத்தில் நிற்பது அவர்கள் காலத்து எஸ்.டி.பி.எம். ஈராண்டு படித்ததையெல்லாம் இறுதியில் ஒரே மூச்சில் எழுதி, அந்தச் சில நாள்களில் காய்ச்சல் கண்டாலும் தலைவிதி மாறிவிடும் என்றிருந்த தேர்வு அது. 1982-இல் பழைய எச்.எஸ்.சி. தேர்வின் இடத்துக்கு வந்த எஸ்.டி.பி.எம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவ்வாறே நடந்தது.

2012-ஆம் ஆண்டில் அந்த முறை மாறிவிட்டது. இப்போது ஒன்றரை ஆண்டுப் படிப்பு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அந்தப் பருவத்துப் பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பள்ளியில் செய்யும் இடுபணிக்கும் செய்முறைக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு உண்டு. முதல் இரண்டு பருவங்களில் மதிப்பெண் குறைந்தால், அத்தாள்களைத் திரும்ப எழுதி உயர்த்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. பாடங்கள் எளிதாகிவிட்டன என்று சொல்லமாட்டேன். இரசாயனமும் ‘கணிதம் டி’யும் இன்றும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே திணறவைக்கும் பாடங்கள்தாம். ஆயினும் விழுந்தால் எழ முடியாது என்ற நிலை இன்று இல்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறியாததால், ஆறாம் படிவத்தில் பதியாமலே கைவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பொதுவாக நான்கு பாடங்கள். ‘பெங்காஜியான் அம்’ என்னும் பொதுப்பாடம் கட்டாயம். மீதி மூன்றை மாணவர் தெரிவு செய்யலாம். அறிவியல் பிரிவில் பௌதிகம் எடுப்பதா, உயிரியல் எடுப்பதா என்ற கேள்வி இங்கே பெரிது. கணிதம், இரசாயனத்தோடு பௌதிகம் எடுத்தவருக்குப் பொறியியல் பக்கம் பாதை அகலமாக இருக்கும். உயிரியல் எடுத்தவருக்கு மருத்துவம், மருந்தியல், பல் மருத்துவம் ஆகியவை திறந்திருக்கும். பொறியியல் துறைகள் பலவும் அடைபடும். சேரும் நாளன்று நண்பர்கள் எதை எடுக்கிறார்களோ அதையே எடுத்துவிட்டு, விண்ணப்பிக்கும் நேரத்தில் விழிப்பவர்கள் உண்டு. ஆகவே முதலில் விரும்பும் பட்டப்படிப்பின் தகுதி விதியைப் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து பாடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

கலைப் பிரிவைப் பற்றி ஒரு சொல். வரலாறு, பொருளியல், வணிகவியல், புவியியல் ஆகியவற்றோடு தமிழையும் எஸ்.டி.பி.எம். பாடமாக எழுதலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கி வருகிறது. சட்டம், கணக்கியல், பொருளியல், ஊடகவியல் என்று கலைப் பிரிவு மாணவர் செல்லக்கூடிய துறைகள் பல. அறிவியலில் தடுமாறும் பிள்ளையை “சயன்ஸ்தான் மரியாதை” என்று பிடித்துத் தள்ளுவதைவிட, கலைப் பிரிவில் முதல் வரிசையில் நிற்கவைப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகம், உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பல திசைகளிலும் ஏற்கப்படும் தேர்வு இது. கட்டணமோ அரசாங்கப் பள்ளிக்கு உரியதே. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை இத்தனை வாசல்களையும் திறந்து வைத்திருக்க உதவும் வேறு படிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

மதிப்பெண் கணக்கு

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை யு.பி.யு. என்னும் மையப் பிரிவு திரட்டுகிறது. இன அடிப்படையிலான ஒதுக்கீட்டு முறைக்குப் பதிலாகத் தகுதி முறை என்பது 2002-இல் நடைமுறைக்கு வந்தது. தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது: தேர்ச்சிக்குத் தொண்ணூறு, புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து. எஸ்.டி.பி.எம்.மிலும் மெட்ரிகுலேஷனிலும் தரச் சராசரி 4.00-க்குத்தான். அந்தச் சராசரியை நான்கால் வகுத்துத் தொண்ணூற்றால் பெருக்கினால் முதற்பகுதி கிடைக்கும்.

எஸ்.டி.பி.எம்.மில் ஒரு ‘ஏ’ 4.00, ‘ஏ மைனஸ்’ 3.67, ‘பி பிளஸ்’ 3.33. நான்கு பாடத்திலும் ‘ஏ’ பெற்றவர் 4.00. அவருக்கு முழுத் தொண்ணூறும் கிடைக்கும். மூன்று ‘ஏ’, ஒரு ‘ஏ மைனஸ்’ பெற்றவரின் சராசரி 3.92. அவருக்கு 88.2. ஆக, ஒரு பாடத்தில் ஒரு படி இறங்கியதால் இழந்தது 1.8 புள்ளி. இப்போது முதல்வருக்குப் புறப்பாடத்தில் பத்துக்கு ஆறும், இரண்டாமவருக்கு ஒன்பதும் என்று வைத்துக்கொள்வோம். முதல்வரின் மொத்தம் 96.0, இரண்டாமவரின் மொத்தம் 97.2. நான்கு ‘ஏ’ பெற்றவர் பின்னால் நிற்கிறார்!

“படிப்பைப் பார், பந்து விளையாட்டு எதுக்கு?” என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் பொறுப்பும் சான்றிதழும் பெறாத பிள்ளை, போட்டி மிகுந்த துறையில் ஒரு ‘ஏ’யைக் கோட்டைவிட்டதற்குச் சமமான இழப்பை அடைகிறது. ஆலய இளைஞர் பிரிவில் தொண்டாற்றும் பிள்ளைகள் அதற்குரிய கடிதத்தை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தலாம். அது எந்த அளவுக்குக் கணக்கில் வரும் என்பது பள்ளியைப் பொறுத்தது; நேர்காணலில் காட்டுவதற்காவது பயன்படும்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் விட முடியாது. எஸ்.டி.பி.எம்.மை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். மெட்ரிகுலேஷன் தேர்வு வேறு. பாடத்தின் ஆழமும் காலமும் வேறு. இரண்டில் வாங்கிய 4.00-உம் ஒரே தராசில் வைக்கப்படுகிறது. இது நியாயமா என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். 2025-இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.00 பெற்ற ஒரு மாணவருக்கு அவர் கேட்ட கணக்கியல் துறை கிடைக்காமற்போன செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஆயினும் இந்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளை இன்றுள்ள விதியைக்கொண்டுதான் திட்டமிட முடியும். இடங்களைவிட 4.00 பெற்றவர்கள் அதிகமாக இருக்கும் துறைகள் சில உண்டு. அவற்றை மட்டுமே வரிசையாக நிரப்பிவிட்டுக் காத்திருப்பது தவறு. தெரிவுப் பட்டியலின் மேலே ஆசைப்படும் துறைகள், நடுவில் எட்டக்கூடியவை, கடைசியில் உறுதியாகக் கிடைக்கக்கூடியவை என்று அமைக்க வேண்டும். பினாங்கில் 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம், பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். ஊர் பெயருக்காக ஒன்றையே பிடித்துத் தொங்குபவர்கள் நல்ல துறையை இழந்துவிடுகிறார்கள்.

எந்தப் பாதையானாலும் ‘மூவெட்’ எனப்படும் ஆங்கிலத் தேர்வு தேவை. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு தாள்கள். சட்டம், மருத்துவம் போன்ற துறைகளுக்கு உயர்ந்த நிலை கேட்பார்கள். இது ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடைபெறுவதால் முதல் முயற்சியைச் சீக்கிரமே எழுதிவிட்டால், பிறகு திரும்ப எழுத நேரமிருக்கும். எல்லாப் பாடங்களிலும் வாகை சூடிவிட்டு ஆங்கிலத்தில் ஒரு நிலை குறைந்ததால் விரும்பிய துறையை இழந்தவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது.

ஏ லெவலும் அயல்நாடும்

கேம்பிரிட்ஜ் ஏ லெவல் தரமான தேர்வு என்பதில் இருவேறு கருத்தில்லை. பெரும்பாலோர் மூன்று பாடம் எடுப்பதால் ஆழமாகப் படிக்கலாம். பிரிட்டனில் அது அவர்களது சொந்தத் தேர்வு. ஆனால் தனியார் கல்லூரியில் அதற்குப் பல்லாயிரம் ரிங்கிட் வேண்டும். உபகாரச் சம்பளம் வழங்கும் நிறுவனம் அனுப்பினால் தயங்காமல் போகலாம். சொந்தக் கைப்பணத்தில் ஏ லெவல் எழுதவைத்து, அதன்பின் வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லாமல் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்கும் நிலை வந்தால், எஸ்.டி.பி.எம். வழியாகச் சென்றிருந்தால் செலவில்லாமல் அடைந்திருக்கும் இடத்துக்கே வந்து நிற்கிறோம். அப்போதும் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை எண்ணும் மாணவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குச் சுருக்கமாக: எஸ்.ஏ.டி. 1600-க்கும் ஏ.சி.டி. 36-க்கும் மதிப்பிடப்படும், பல்கலைக்கழகங்கள் இரண்டில் எதையும் ஏற்கும். எஸ்.ஏ.டி. 2023 முதல் நம் நாடுகளில் கணினி வழியே நடைபெறுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இத்தேர்வுகள் விருப்பத்துக்கு விடப்பட்டன, பின்னர் எம்.ஐ.டி. 2022-லும், ஹார்வர்ட் 2024-லும் மீண்டும் கட்டாயமாக்கின. ஒரு மாதிரித் தாளை இரண்டிலும் நேரம் வைத்து எழுதிப் பார்த்து, எது இயல்பாக வருகிறதோ அதில் நிற்பதே நல்லது. ஆனால் எஸ்.ஏ.டி. மட்டும் போதாது; எஸ்.டி.பி.எம். அல்லது ஏ லெவல் மதிப்பெண்களையும் அவர்கள் பார்ப்பார்கள். ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற சில இடங்கள் அயல்நாட்டு மாணவரின் பண வசதியைப் பாராமல் தேர்ந்தெடுத்து, தேவைக்கேற்ப உதவியும் தருகின்றன என்பதால், ஏழைப் பிள்ளை என்பதற்காக அந்தக் கனவைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

அவசரப்பட்டுக் கட்டும் பணம்

மெட்ரிகுலேஷன் முதற்சுற்றில் கிடைக்காத பிள்ளைகள் மேல்முறையீடு செய்துவிட்டு வீட்டிலேயே அமர்ந்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நாள் ஓடும். இதற்கிடையே ஆறாம் படிவ வகுப்பு தொடங்கி, முதற்பருவத்தின் பாடம் நடந்துகொண்டிருக்கும். செய்ய வேண்டியது எளிது. மேல்முறையீட்டை அனுப்பிவிட்டு, அழைப்பு வந்த நாளன்றே ஆறாம் படிவத்தில் பதிந்து படிக்கத் தொடங்க வேண்டும். மெட்ரிகுலேஷன் கிடைத்தால் விலகிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஒரு நாளும் வீணாகவில்லை.

காத்திருப்பு தாங்காமல் தனியார் கல்லூரியின் அடிப்படைப் படிப்பில் சேர்ப்பவர்களும் பலர். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். பதிவுக் கட்டணம் கட்டப்படும். அந்த அடிப்படைப் படிப்பு பெரும்பாலும் அதே கல்லூரியின் பட்டப்படிப்புக்குத்தான் நுழைவுச் சீட்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு அதைக்கொண்டு விண்ணப்பிக்க முடியுமா என்று சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஓராண்டு கழிந்தபின், அடுத்த நான்காண்டுக் கட்டணமும் அங்கேயே கட்ட வேண்டியிருக்கிறது என்பது தெரியவரும். நம் கல்வி நிதிக்கு வரும் மனுக்களில் மனம் கனக்கவைப்பவை இவை. பிள்ளை கெட்டிக்காரன், எஸ்.பி.எம். முடிவும் நன்று. ஆனால் கேட்கும் தொகை எந்த அறநிலையமும் தாங்க முடியாதது.

கைத்திறனில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் போலிடெக்னிக் டிப்ளோமா நல்ல வழி. டிப்ளோமா முடித்தபின் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதை இரண்டாந்தரமாக எண்ண ஒரு காரணமும் இல்லை.

நன்கொடையாளர்களுக்கு

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபின் மாலை போட்டுக் காசோலை கொடுப்பது நம் வழக்கம். படம் எடுத்து மலரில் போடுகிறோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நுழைந்துவிட்ட மாணவருக்கு பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, முதல் வகுப்பில் தேறினால் அதைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெறவும் வழி உண்டு. ஆனால் அந்த இடத்தைப் பெறுவதற்கான ஒன்றரை ஆண்டில், ஆறாம் படிவ மாணவருக்கு உதவ வருபவர்கள் குறைவு. தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் பேருந்துச் செலவு, குறிப்பு நூல், இடுபணி செய்ய ஒரு மடிக்கணினி, இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் பிரத்தியேக வகுப்பு ஆகியவையே அவர்களுடைய தேவை. தனியார் கல்லூரியின் ஒரு தவணைக் கட்டணத்தைக்கொண்டு இப்படிப் பல மாணவர்களை ஒன்றரை ஆண்டு தாங்கலாம்.

ஆலயமும் தேர்வுப் படிப்பும் சேர்ந்து செல்வது நமக்குப் புதிதன்று. பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வழிபாட்டையும் வகுப்பையும் இணைத்தே வளர்ந்தது; பத்துமலைக்கு அது நடத்தும் கல்வி யாத்திரையை அறியாத பெற்றோர் குறைவு. ஒவ்வோர் ஊரிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆலய மண்டபம் வார நாள்களில் காலியாகவே கிடக்கிறது. வாரத்துக்கு இரண்டு மாலை இரசாயனமும் ‘கணிதம் டி’யும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தால், செலவு மின்விளக்குக்கும் தேநீருக்கும்தான்.

உதவித் தொகையை ஒரே முறை கொடுப்பதைக் காட்டிலும் மூன்று பருவத்துக்கும் பிரித்து, ஒவ்வொரு பருவ முடிவையும் பார்த்தபின் கொடுப்பது நன்று. முதற்பருவத்தில் தடுமாறிய பிள்ளையிடம் அப்போதே பேசி, எந்தத் தாளைத் திரும்ப எழுதுவது என்று முடிவு செய்ய நேரம் கிடைக்கும். மனுப் பாரத்தில் குடும்ப வருமானத்தோடு, விரும்பும் பட்டப்படிப்பு எது, அதற்குத் தேவையான பாடங்கள் எவை, புறப்பாடத்தில் என்ன பொறுப்பு, மூவெட் எப்போது எழுதப் போகிறார் என்ற நான்கு கேள்விகளையும் சேர்க்கலாம். இவற்றுக்கு விடை எழுதுவதற்காகவாவது பிள்ளையும் பெற்றோரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவார்கள்.